போர்ட்லாண்டியா: கிண்டலா, ஊருக்கு இலவச விளம்பரமா?

மழைக்காகிதம் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் வேறு எதையோ தேடப்போய் 'போர்ட்லாண்டியா' முதல் சீசனில் மாட்டிக்கொண்டேன். ஆறே எபிசோட்தான், ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. முன்பு பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தத் தடவையும் சிரித்தேன், ஆனால் நடுவில் ஒரு நெருடல். அதைக் கேட்கத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காக: 2011 ஜனவரியில் ஐஎஃப்சி சேனலில் ஆரம்பித்து 2018 மார்ச்சில் முடிந்த தொடர். எட்டு சீசன், 77 எபிசோட். முழுநீளக் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எல்லாம் சில நிமிடத் துணுக்கு நாடகங்கள். ஃப்ரெட் ஆர்மிசன், கேரி பிரவுன்ஸ்டீன் இரண்டு பேரும் விக், மீசை, தாடி மாற்றி மாற்றிப் பாதி ஊரையே நடித்துவிடுவார்கள். ஆர்மிசன் பெண்ணாக வருவார், பிரவுன்ஸ்டீன் ஆணாக வருவார். களம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்ட். ஹிப்ஸ்டர் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அகராதி: தனக்குப் பிடித்த பாட்டை ஊரே முணுமுணுக்க ஆரம்பித்ததும் அந்தப் பாட்டை விட்டுவிடுகிறவர்.

முதல் எபிசோடில் வரும் கோழிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பதி ஓட்டலில் கோழி கேட்கிறார்கள். உடனே விசாரணை ஆரம்பம். உள்ளூர்க் கோழியா? என்ன தின்று வளர்ந்தது? பரிமாறும் பெண் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் ஆட்டுப்பால், சோயா, ஹேசல்நட் என்று ஒப்பிக்கிறார். உள்ளே போய் ஒரு கோப்பே கொண்டுவருகிறார். அதில் கோழியின் படம். பெயர் காலின். அப்போதும் மனசு ஆறவில்லை. உலாவ எவ்வளவு இடம் கொடுத்தீர்கள், அதற்குச் சிநேகிதர்கள் இருந்தார்களா என்று கேட்டுவிட்டு, 'இந்த மேசையைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்' என்று பண்ணையை நேரில் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கவனியுங்கள், கோழி ஏற்கெனவே செத்துவிட்டது!

இதை எழுதியவர்கள் அந்த மாதிரி ஆட்களை வெறுக்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிகிறது. அங்கேதான் என் நெருடல். இது அவர்களைக் கிண்டலடித்ததா, இல்லை அந்த வாழ்க்கையை அழகாகக் காட்டி விற்றதா?

சுடுசோறு

நான் நாலு எபிசோடோடு நிறுத்தினேன். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இதில் பாதி புரியாது. சைக்கிளில் வருகிறவன் காரைப் பார்த்துக் கத்துகிறான், சரி. அதில் சிரிப்பு எங்கே?

நீலத்தடம்

சுடுசோறு, அது அந்த ஊரில் சைக்கிள்காரன் யார் என்று தெரிந்தால்தான் விளங்கும். நான் 2009 முதல் ஏழு வருடம் ஹில்ஸ்பரோவில் இருந்தேன். போர்ட்லண்டுக்கு மேற்கே இருக்கிற ஊர். இன்டெல் இருப்பதால் நம்ம ஆட்கள் நிறைய. சனிக்கிழமை வந்தால் மேக்ஸ் ரயிலில் நீலத் தடம் பிடித்து, மலைக்குள் இருக்கும் சுரங்கத்தைத் தாண்டி நகரத்துக்குள் போவோம். ஹில்ஸ்பரோவில் ஏறும்போது பெட்டி முழுக்க லேப்டாப் பை. இறங்கும்போது பார்த்தால் முறுக்கு மீசை, பனியன் மேல் வெயிஸ்ட் கோட், காதுமடலில் வளையல் அளவு துளை. முதல் சில மாதம் வாயைப் பிளந்து பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது.

காபி அனுபவம் ஒன்று சொல்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். ஒரு கப் காபி கேட்டேன். கண்ணாடிக் குடுவை, வடிதாள், ஒரு தராசு. ஆமாம், தராசு. தண்ணீரை நூல் மாதிரி ஊற்றுகிறார், நிறுத்துகிறார், எடை பார்க்கிறார், மறுபடி ஊற்றுகிறார். எத்தியோப்பியாவில் எந்த மலைச் சரிவில் விளைந்தது என்று ஒரு சிறு சொற்பொழிவு. எல்லாம் முடிந்து கையில் வாங்கி, 'சர்க்கரை எங்கே இருக்கிறது?' என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பார்களே, அது. பக்கத்தில் நின்ற நண்பன் தமிழில், 'இவருக்குச் சிக்கரி போடுகிற விஷயம் தெரிந்தால் போலீஸைக் கூப்பிடுவார்' என்றான்.

அதனால் எங்களுக்கு அந்தத் தொடர் கிட்டத்தட்ட ஆவணப்படம். மிகைப்படுத்தல் என்று நீங்கள் நினைக்கும் இடங்கள் பாதிக்குப் பாதி மிகையே இல்லை. வீட்டில் மூன்று கோழி வரை அனுமதி வாங்காமல் வளர்க்கலாம் என்று நகர விதியே இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் கோழிகளின் படத்தை மேசையில் வைத்திருந்தார், பிள்ளைகள் படத்துக்குப் பக்கத்தில்.

வெட்டிப்பேச்சு

பிள்ளைகள் படம் பெரிதா, கோழிப் படம் பெரிதா?

நீலத்தடம்

ஒரே அளவு. அதுதான் போர்ட்லண்ட்.

பாதிராத்திரி

நெருடலுக்குப் பதில் அந்தத் தொடர் எப்படி உருவானது என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரவுன்ஸ்டீன் நடிகையாக வந்தவர் இல்லை. ஸ்லீட்டர்-கின்னி என்ற பங்க் இசைக்குழுவின் கிதார் கலைஞர், பாடகி. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் பிறந்த குழு அது. 2006-ல் குழு ஓய்வெடுத்தது. ஆர்மிசன் அப்போது நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இரண்டு பேரும் சிநேகிதர்கள். 2005 முதலே 'தண்டர்ஆன்ட்' என்ற பெயரில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணியப் புத்தகக் கடைக் காட்சி அங்கே பிறந்ததுதான். அப்புறம் இயக்குநர் ஜொனதன் கிரைசல் சேர்ந்தார், தயாரிப்புப் பக்கம் 'சாட்டர்டே நைட் லைவ்' தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸின் நிறுவனம் வந்தது.

பெரும்பாலும் வரிக்கு வரி வசனம் எழுதிவைத்து எடுக்கவில்லை. காட்சியின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும், பேச்சை அங்கேயே பேசிக்கொள்வார்கள். அதனால்தான் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே போகும் அந்தத் தாளம். நாற்சந்தியில் இரண்டு கார்கள் நிற்கும் காட்சியைப் பாருங்கள். 'நீங்க போங்க', 'இல்லை இல்லை, நீங்க போங்க.' அவ்வளவுதான் சரக்கு. மரியாதையே மெல்ல மெல்ல ஒரு சண்டை ஆகிறது.

சொல்லவந்தது என்னவென்றால், இந்த இரண்டு பேருமே அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள். சொந்தக்காரனைக் கிண்டலடிப்பதும் ஊரானைக் கிண்டலடிப்பதும் ஒன்றில்லை. கல்யாண வீட்டில் மாமா வழுக்கையை மருமகன் கேலி பண்ணலாம், சமையல்காரர் பண்ண முடியுமா?

மழைக்காகிதம்

பாதிராத்திரி, அது சரி. ஆனால் நீங்கள் சொல்வதே என் கேள்வியின் இன்னொரு முனை. சொந்தக்காரன் கேலியில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்குமே? 'எங்க மாமா இருக்காரே' என்று ஆரம்பித்தால் குறை சொல்கிறானா புகழ்கிறானா என்று தெரியாது.

முதல் எபிசோடிலேயே வரும் பாட்டை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் பெண்ணிடம் ஒருவன் வந்து, தொண்ணூறுகள் போர்ட்லண்டில் இன்னும் உயிரோடிருக்கின்றன என்கிறான். இளைஞர்கள் ஓய்வுபெறப் போகும் ஊர் என்கிறான். கிண்டல்தான். ஆனால் அதைப் பார்த்த இருபத்தைந்து வயதுக்காரன் என்ன நினைப்பான்? 'மூட்டை கட்டு' என்றுதானே?

நகர நிர்வாகமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டதே! தொடரில் மேயராக நடித்தவர் கைல் மக்லாக்லன். நாற்காலிக்குப் பதில் உடற்பயிற்சிப் பந்தின் மேல் உட்காருவார், ரகசியமாக ஒரு ரெகே இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பார். அந்த மேயரின் உதவியாளராக வந்தவர் யார்? அப்போதைய நிஜ மேயர் சாம் ஆடம்ஸ். நம்மைக் கிண்டலடிக்கும் நாடகத்தில் நாமே காபி கொண்டுபோய்க் கொடுக்கும் வேஷம் போட்டால், அதற்கப்புறம் அது கிண்டலா?

சுடுசோறு

இதை முன்பே சொல்லியிருந்தால் நாலு எபிசோடோடு நிறுத்தியிருக்க மாட்டேன். நிஜ மேயரா?

மழைக்காகிதம்

நிஜ மேயர்தான். 2009 முதல் 2012 கடைசி வரை பதவியில் இருந்தவர்.

தேன்கூடு

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கோழியையும் காபியையும் பேசுகிறீர்கள். நான் அந்தப் புத்தகக் கடையைப் பேச வருகிறேன்.

டோனி, கேண்டஸ் என்று இரண்டு பெண்கள் நடத்தும் பெண்ணியப் புத்தகக் கடை. வருகிறவனுக்கு ஒரு புத்தகமும் விற்க மாட்டார்கள். நடிகர் ஸ்டீவ் புஸேமி கழிப்பறைக்குப் போக உள்ளே வந்து படும் பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். கேண்டஸாக வந்தவர் ஆர்மிசன். அந்தக் காட்சிகள் படமானது செட்டில் இல்லை. 'இன் அதர் வேர்ட்ஸ்' என்ற நிஜமான கடையில். லாபநோக்கற்ற பெண்ணியப் புத்தகக் கடை, 1993-ல் ஆரம்பித்தது. நகரின் வடகிழக்கில் கில்லிங்ஸ்வர்த் தெருவில் இருந்தது.

2016 செப்டம்பரில் அந்தக் கடைக்காரர்கள் தொடரோடு உறவை முறித்துக்கொண்டார்கள். சன்னலில் ஓர் அறிக்கை ஒட்டி, இணையத்திலும் போட்டார்கள். தலைப்பை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார். படப்பிடிப்பு நாளில் கடை மூடிக்கிடக்கிறது, கிடைக்கும் வாடகை போதவில்லை, படக்குழு இடத்தை அலங்கோலமாக்கிவிட்டுப் போகிறது என்பது ஒரு பக்கம். ஆண் ஒருவர் பெண் வேஷம் போட்டு அதையே சிரிப்பாக்குவது திருநங்கைகளை இழிவுபடுத்துகிறது என்பது இன்னொன்று. கறுப்பர் உயிர் முக்கியம் என்று சன்னலில் வைத்திருந்த அட்டையை எடுக்கச் சொன்னார்கள் என்பது மூன்றாவது. இந்தத் தொடர்தான் எங்கள் பேட்டையில் வாடகையை ஏற்றி ஆட்களை விரட்டுகிறது என்பது நான்காவது. 2018-ல் தொடரும் முடிந்தது, அதே வருடம் ஜூனில் கடையும் மூடிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், மாமா வழுக்கைக் கதை இங்கே செல்லுமா? மாமாவே வந்து 'போதும்டா, நிறுத்து' என்று சொல்லியாயிற்று.

பாதிராத்திரி

செல்லாதுதான். ஆனால் ஒரு டிவி நிகழ்ச்சி வாடகையை ஏற்றியது என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? சியாட்டிலில் ஏறியது, சான் பிரான்சிஸ்கோவில் ஏறியது. அங்கெல்லாம் யார் கிண்டல் தொடர் எடுத்தார்கள்?

தேன்கூடு

தொடர் மட்டும் ஏற்றியது என்று நானும் சொல்லவில்லை. ஏறுகிற வண்டியில் இதுவும் ஒரு கை தள்ளியது. கடைக்காரர்கள் சொன்னதன் கனம் அந்தப் பேட்டையின் பழைய கதை தெரிந்தால்தான் புரியும்.

ஓரிகன் கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று 1857-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த மாநிலம். அந்த ஷரத்தை நீக்கியது 1926-ல். இனம் சார்ந்த பழைய சொற்கள் சட்டத்திலிருந்து முழுக்கப் போனது 2002-ல். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால், கொலம்பியா ஆற்றங்கரைத் தாழ்வில் வான்போர்ட் என்று அவசரத்துக்கு ஒரு ஊர் கட்டினார்கள். ஒரு கட்டத்தில் அங்கே 40,000 பேர் இருந்தார்கள். 1948 மே 30 அன்று கரை உடைந்து ஒரே நாளில் ஊரே போய்விட்டது. அப்போது வீடிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பர். அவர்களுக்கு வீடு கிடைத்தது பெரும்பாலும் ஆல்பைனா பகுதியில் மட்டும். மற்ற பகுதிகளில் விற்கமாட்டார்கள், வங்கி கடன் தராது. அப்புறம் அந்த ஆல்பைனாவையும் விளையாட்டரங்கத்துக்கு என்று கொஞ்சம், நெடுஞ்சாலைக்கு என்று கொஞ்சம், மருத்துவமனை விரிவாக்கத்துக்கு என்று கொஞ்சமாக இடித்தார்கள்.

மிச்சமிருந்த தெருக்களில்தான் தொண்ணூறுகளுக்குப் பிறகு ஓவியக்கூடமும் காபிக் கடையும் வந்தன. ஆல்பர்ட்டா தெரு, மிஸிஸிப்பி அவென்யூ என்று இப்போது சுற்றுலா வழிகாட்டியில் போடுகிறார்களே, அதே தெருக்கள். கில்லிங்ஸ்வர்த்தும் அதே பக்கம்.

அதனால் 'தொண்ணூறுகள் இன்னும் உயிரோடிருக்கின்றன' என்ற பாட்டு அங்கே தொண்ணூறுகளில் வீடு விற்றுப் போனவர் காதில் எப்படி விழும் என்று எனக்கு ஒரு கேள்வி.

மழைக்காகிதம்

இது எனக்குத் தெரியாது. வான்போர்ட் பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நன்றி, தேன்கூடு.

நீலத்தடம்

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏழு வருடம் அந்த ஆல்பர்ட்டா தெருவில் மாதக் கடைசி வியாழக்கிழமைத் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறேன். நெருப்பு விழுங்குகிறவன், ஒற்றைச் சக்கரச் சைக்கிள், தட்டில் தாய்லாந்துக் கோழிச்சோறு. அந்தத் தெருவில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வாடகை ஏறுவது மட்டும் தெரியும். 2015-ல் நகரமே வீட்டு வசதி நெருக்கடி நிலை அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் பேச்சு எப்படிப் போனது தெரியுமா? 'கலிபோர்னியாக்காரர்கள் வந்து ஏற்றிவிட்டார்கள்.' நாங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

சுடுசோறு

சரி, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். பறவைக் காட்சி இரண்டாவது எபிசோடிலேயே வருகிறது, நான் நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பார்த்திருக்கிறேன், கவனிக்கவில்லை. இந்தத் தடவை சிரித்துவிட்டேன்.

ஒரு ஆணும் பெண்ணும் கைவினைக் கடைக்குள் புகுந்து கண்டதன் மேலெல்லாம் பறவைப் படம் ஒட்டுகிறார்கள். துணிப்பை சோகமாக இருக்கிறதா? ஒட்டு ஒரு பறவை. தேநீர்க் குடுவையா? ஒட்டு. அவ்வளவுதான், கலை ஆகிவிட்டது. கடைசியில் நிஜப் பறவை ஒன்று கடைக்குள் பறந்து வந்ததும் ரெண்டு பேரும் அலறியடித்து, இருக்கிற பீங்கானையெல்லாம் உடைக்கிறார்கள்.

இங்கே தேன்கூடு சொன்னது எனக்கு வேறு மாதிரி பட்டது. தொடர் வரலாற்றைப் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் படத்தில் பறவையை ரசித்துவிட்டு, நிஜப் பறவை வந்தால் விரட்டுகிற ஆட்கள் என்று அவர்களே காட்டிவிட்டார்களே? வெளியே நிற்கிற எனக்கே அது தைத்தது.

தேன்கூடு

சுடுசோறு, நல்ல வாசிப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாசிப்பு உங்களுடையது. அவர்கள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

பாதிராத்திரி

துணுக்கு நாடகத்தின் குறையே அதுதான். மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடும். நல்ல டிவி, வானொலி நிகழ்ச்சிகளுக்குத் தரும் பீபடி விருது 2011-க்குக் கிடைத்தது, பாராட்டெல்லாம் சரி. பிந்திய சீசன்களில் அந்த ஜோடிகளை வைத்துக் கொஞ்சம் நீளமான கதைகள் செய்து பார்த்தார்கள். எனக்கு அவை சில இடங்களில் இழுவையாகத்தான் பட்டன. இரண்டாவது சீசனில் தொண்ணூறுகள் பாட்டையே எடுத்து, இந்த ஊர் உண்மையில் வாழ்வது 1890-களில் என்று திருப்பிப் போட்டார்களே, அதுதான் அவர்கள் தங்கள் மேலேயே அடித்த சரியான அடி. தாடி, ஊறுகாய், வீட்டிலேயே இறைச்சி பதப்படுத்துவது. தேன்கூடு சொன்ன சட்டம் எல்லாம் இருந்த காலம் அது என்று இப்போதுதான் எனக்கே உறைக்கிறது. அவர்கள் அதை நினைத்து எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன்.

வெட்டிப்பேச்சு

எல்லோரும் கனமாகிவிட்டீர்கள், நான் கம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன். போர்ட்லண்ட் விமான நிலையத்தில் எண்பதுகளில் விரித்த ஒரு பச்சைக் கம்பளம். அதை மாற்றப்போகிறோம் என்றதும் ஊரே துக்கம் கொண்டாடியது. இறங்குகிறவன் எல்லாம் தன் கால் தெரிகிற மாதிரி கம்பளத்தைப் படமெடுத்துப் போட்டான். அந்த வடிவத்தில் காலுறை விற்றார்கள். 2015-ல் நகரத்தின் ஸ்டார்லைட் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியது யார்? அந்தக் கம்பளம். உருட்டி வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். இது தொடரில் வந்த காட்சி இல்லை, செய்தி.

நீலத்தடம்

காலுறை என்னிடம் இருக்கிறது.

வெட்டிப்பேச்சு

தெரியும். அதனால்தான் சொன்னேன்.

மழைக்காகிதம்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார்கள். கோழிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவ்வளவு வராது, நடுநடுவே நான் சொன்னேன். பண்ணை, ஹேசல்நட், நாலு ஏக்கர் எல்லாவற்றுக்கும் அம்மா சிரிக்கவே இல்லை. 'கோழி என்ன தின்னுச்சுன்னு கேக்காம வாங்குவாங்களா?' என்று திருப்பிக் கேட்டார்கள். பெயர் காலின் என்றதும்தான் திடுக்கிட்டார்கள். 'பேரு வச்ச கோழியையா அறுத்தாங்க?' ஊரில் எங்கள் வீட்டில் ஒரு கோழிக்கு மட்டும் பெயர் இருந்தது. அது கிழடாகி, ஒருநாள் கொட்டாயிலேயே செத்துக் கிடந்தது.

தேன்கூடு, அந்த ஆல்பைனா இடிப்பு பற்றித் தனி இழை ஒன்று ஆரம்பியுங்களேன். இதற்குள் புதைந்துபோக வேண்டாம்.

தேன்கூடு

இந்த வாரக் கடைசியில் எழுதுகிறேன். பழைய வரைபடங்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சுடுசோறு

நான் மூன்றாவது சீசனுக்கு வந்துவிட்டேன். யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

பாதிராத்திரி

முடிவு என்று ஒன்று இருந்தால்தானே?